முற்றத்து மழை கிணற்றுக்குச் சேரட்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கல்லூரி மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். உரையாளர் எமது பழைய மாணவி, குடிசார் பொறியியலாளர்.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது ‘பொறியியல் துறையில் பெண்கள்’ என்ற தலைப்பைத் தந்தார். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அதனால் நான் சீமெந்தைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரி அக்கா, ஆனால் கனநேரம் எடுக்காதேங்கோ” என்றார். முயற்சி செய்கிறேன்.

சீமெந்தைப் பற்றி இன்று ஏன் பேச வேண்டும்? இந்த நூற்றாண்டு ஆண்டில் எங்கள் சங்கம் எண்ணியிருக்கும் வேலைகளில் ஒன்று, காலைக் கூட்டம் நடக்கும் முன்முற்றம் முழுவதற்கும் கல் பதிப்பது. வெளிநாட்டுக் கிளைகள் அதற்கென நிதியும் சேர்த்துவிட்டன. மாரி காலத்தில் பிள்ளைகள் சேற்றில் நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம் அது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே வேலையை என் தாயின் வீட்டில் நானே முன்னின்று செய்வித்து, பிழை விட்டவள் நான். அந்தப் பிழையை இங்கே சொல்லிவிட்டால் இன்னொரு முறை அது நடக்காது என்ற நம்பிக்கையில்தான் வந்திருக்கிறேன்.

முதலில், இந்தக் கல்லூரியில் கற்ற ஒரு பாடத்தை நினைவுபடுத்துகிறேன். எங்கள் பூகோள ரீச்சர் ஒருநாள் கரும்பலகையில் கவிழ்த்த கிண்ணம், நிமிர்த்திய கிண்ணம் என்று இரண்டையும் ஒட்டினாற்போல ஒரு படம் கீறினார். “இதுதான் உங்கள் கிணற்றுத் தண்ணீர்” என்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான் எங்களுக்கு ஆறு. நாங்கள் நிற்பது சுண்ணக்கல்லின் மேல். பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் பாரமானது, அதனால்தான் மிதக்கிறது. கொள்கையளவில், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரும். அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு ரீச்சர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: “கிணறு ஓர் உண்டியல், பிள்ளைகள். போட்டால்தான் எடுக்கலாம்.”

போடுவது யார்? மழை மட்டுந்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை எங்களுக்குக் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. மிச்ச மாதங்களில் நாங்கள் உண்டியலில் இருந்து எடுத்துச் செலவழிக்கிறோம்.

வீட்டுப் பெண்களுக்குப் புரியும்படி ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதில் ஆண்டு முழுவதும் விழும் மழை மூன்று இலட்சம் லீற்றருக்கு மேல். ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லீற்றர் வீதம் குளிக்க, தோய்க்க, சமைக்க எடுத்தால், ஆண்டுச் செலவு இரண்டே முக்கால் இலட்சம் லீற்றர். அதாவது ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தண்ணீர், அவர்களுடைய ஒரே ஒரு பரப்புக் காணியில் வானத்திலிருந்து விழுகிறது. விழுவதெல்லாம் கிணற்றுக்குச் சேராது. வெயில் ஒரு பங்கைக் குடிக்கும், மரம் ஒரு பங்கைக் குடிக்கும். அவை போக எஞ்சுவதும் சிறிய தொகையல்ல. அந்த ஒரு பரப்புக்கும் சீமெந்து பூசினால், வெயிலுமில்லாமல் மரமுமில்லாமல் அவ்வளவும் ஒழுங்கைக்கு ஓடிவிடும்.

எங்கள் முன்னோர் இதைத் தெரிந்து வாழ்ந்தார்கள். ஊருக்கு ஊர் குளமும் கேணியும் வெட்டினார்கள். யாழ் நகருக்குள்ளேயே ஆரியகுளம், புல்லுக்குளம், வண்ணான்குளம் என்று பெயர்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டு முற்றம் மணலாக இருந்தது. விடியக்காலை ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிய வரி அந்த மணலில் தெரியும். பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954 ஆம் ஆண்டில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை முன்வைத்ததும் இதே சிந்தனையில்தான்: கடலுக்குப் போகும் மழைநீரை மறித்து, கடல்நீரேரிகளை நன்னீராக்கி, கிணறுகளை நிரப்புவது. அது இன்னும் முழுமையடையவில்லை. 2024 ஆம் ஆண்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வானம் இலவசமாகத் தரும் நன்னீரைக் கடலுக்கு ஓடவிட்டு, கடல்நீரை மின்சாரம் செலவழித்து நன்னீராக்குகிறோம் என்பதையும் நாங்கள் யோசிக்க வேண்டும்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

என் அம்மாவின் வீடு இணுவிலில். 1995 இடப்பெயர்வில் விட்டுப் போய், திரும்பி வந்தபோது ஒரு பக்கத்து அறை ஷெல் விழுந்து சிதைந்து கிடந்தது. மிகுதி வீட்டைத் திருத்தி அம்மா அதிலேயே இருந்தார். பிள்ளைகள் நாங்கள் நால்வரும் நான்கு திசையில். 2012 மாரியில் அம்மா முற்றத்துச் சேற்றில் வழுக்கி விழுந்தார். கையில் முறிவு. அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கூட்டித் துப்புரவாக்க ஆளுமில்லை. அண்ணா கனடாவில் இருந்து காசு அனுப்பினார். நான் விடுமுறை எடுத்து வந்து, படலையில் இருந்து கிணற்றடி வரைக்கும் கொங்கிறீற்று போடுவித்தேன். சரிவும் நானே பார்த்துக் கொடுத்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் முற்றத்தில் நிற்காதபடி. பொறியியலாளர் செய்த வேலையல்லவா, மிக நேர்த்தி.

அடுத்த மாரியில் அந்தத் தண்ணீர் முழுவதும் ஒழுங்கையைக் கடந்து எதிர்வீட்டு மாமியின் குசினிக்குள் போனது. மாமி சண்டைக்கு வரவில்லை. வாசலில் இரண்டு மண்மூட்டை அடுக்கினார். அது சண்டையைவிடக் கூடுதலாகச் சுட்டது. கோடையில் முற்றம் அடுப்பைப் போலக் கொதித்தது. கிணற்றடித் தேசிமரம் இரண்டு வருடத்தில் பட்டுப்போனது. கிணற்றில் தண்ணீர் முன்னரைவிடச் சீக்கிரம் இறங்கியது. அதற்கு என் சீமெந்து மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றிவர எல்லா வளவிலும் அதே வேலை நடந்துகொண்டிருந்தது, எல்லாரும் மோட்டரால் இறைத்துக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் ஒருநாள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: “பிள்ளை, மழை எங்கட வளவுக்கு வந்திட்டு, இருக்க இடமில்லாமல் திரும்பிப் போகுது.”

அந்த வசனத்துக்குப் பிறகுதான் நான் நீர்புகு கொங்கிறீற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அது என்ன என்று எளிமையாகச் சொல்கிறேன். சாதாரண கொங்கிறீற்றில் சல்லி, மணல், சீமெந்து, தண்ணீர் என்று நான்கு இருக்கும். சல்லிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை மணலும் சீமெந்தும் நிரப்பிவிடும். நீர்புகு கொங்கிறீற்றில் மணல் இல்லை, அல்லது மிகச் சிறிதளவே. ஏறத்தாழ ஒரே அளவான சல்லிகளின் மேல் சீமெந்துக் குழம்பு மெல்லிய தோலாகப் படிந்து, சல்லியும் சல்லியும் தொடும் இடத்தில் மட்டும் ஒட்டவைக்கும். மீதி இடம் வெறுமை. மொத்தக் கனவளவில் 15 முதல் 25 வீதம் வரை துளை. நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கும் பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரி சல்லி, சர்க்கரைப் பாகு சீமெந்து. பாகு கூடினால் கட்டியாகிவிடும், குறைந்தால் உதிர்ந்துவிடும்.

இது புதுமையும் அல்ல. இங்கிலாந்தில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மணலில்லாக் கொங்கிறீற்றால் சுவர் கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சீமெந்துத் தட்டுப்பாட்டில், அங்கே ஏராளமான வீடுகள் அப்படி எழும்பின. பின்னர் அமெரிக்காவில், மழை அதிகமான புளோரிடா போன்ற மாநிலங்களில், வாகனத் தரிப்பிடங்களுக்கும் நடைபாதைகளுக்கும் பயன்படுத்தினார்கள். எங்களுக்கு அருகிலேயே, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில், இந்தக் கொங்கிறீற்றை எவ்வளவு இறுக்கினால் எவ்வளவு பலம், எவ்வளவு துளை என்பன போன்ற கேள்விகளை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் நாளை அங்கே போய்ப் படிக்கப் போகிறவர்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

நன்றாகப் போட்ட நீர்புகு கொங்கிறீற்று ஒரு சதுர மீற்றரில் நிமிடத்துக்கு 120 முதல் 320 லீற்றர் வரை தண்ணீரை உள்ளே விடும். மணிக்கு 100 மில்லிமீற்றர் என்ற பேய்மழைகூட அதே இடத்தில் நிமிடத்துக்கு இரண்டு லீற்றரைத் தொடாது. ஆகவே மேற்பரப்பு ஒரு பிரச்சினையே இல்லை. கீழே இருக்கும் மண் எவ்வளவு குடிக்கும் என்பதுதான் கேள்வி. அதற்காகக் கொங்கிறீற்றின் கீழே துப்புரவான பெருஞ்சல்லிப் படுக்கை ஒன்று போடுவோம். 100 மில்லிமீற்றர் தடிப்பான கொங்கிறீற்றில் ஐந்தில் ஒரு பங்கு துளை என்றால் 20 மில்லிமீற்றர் மழை அதற்குள் அடங்கும். கீழே 200 மில்லிமீற்றர் படுக்கையில் 40 வீதம் இடைவெளி என்றால் இன்னும் 80 மில்லிமீற்றர். ஆக, மண் ஒரு சொட்டும் குடிக்காவிட்டாலும் 100 மில்லிமீற்றர் மழையை அது தாங்கி வைத்து, ஆறுதலாகக் கீழே விடும். 2008 கார்த்திகையில் நிஷா புயலோடும், 2024 கார்த்திகையில் மீண்டும் ஒருமுறையும், எங்கள் வீடுகளுக்குள் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் வெள்ளம் முழுவதையும் இது தடுக்காது. ஆனால் முதலில் விழும் மழையை வளவுக்குள்ளேயே பிடித்து வைத்தால், ஒழுங்கையில் ஓடும் தண்ணீர் அந்தளவுக்குக் குறையும்.

படித்தேன். கொங்கிறீற்றை உடைத்தேன். மேசனோடு நின்று போட்டுப் பார்த்தேன். முதலாவது துண்டு தோல்வி. நீர்புகு கொங்கிறீற்றுக்கு ஒரு 50 கிலோ சீமெந்து மூட்டைக்கு 200 கிலோ சல்லியும் 15 முதல் 17 லீற்றர் தண்ணீரும் போதும். எங்கள் மேசன்மார் பழகியது 25, 30 லீற்றர். நான் தேத்தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம், “கலவை காய்ஞ்சு கிடக்குது, அம்மா பாவம்” என்று மேசன் ஐயா இன்னும் இரண்டு வாளி ஊற்றிவிட்டார். மேலே பார்க்க அழகாக இருந்தது. ஆனால் குழம்பு முழுவதும் கீழே இறங்கி அடியை அடைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் குளம். இரண்டாவது துண்டில் பயந்து தண்ணீரைக் குறைத்தோம், போட்டபின் மூடவும் பிந்திவிட்டோம். நண்பகல் வெயிலில் காய்ந்து, ஒரு மாதத்தில் சல்லி கழன்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பொறுக்கிக் கொக்கான் விளையாடினார்கள்.

மூன்றாவது சரிவந்தது. அதில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலவையைக் கையில் எடுத்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும். கையில் குழம்பு வழியவும் கூடாது, உருண்டை உதிரவும் கூடாது. வீட்டில் பாகுப்பதம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். என் மேசன் ஐயாவுக்கு அதைக் காட்டிக் கொடுத்தது அம்மாதான். கலந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். கரண்டியால் மினுக்கக் கூடாது. மினுக்கினால் துளை அடைபடும். பாரமில்லாத உருளையால் ஓரிரு முறை உருட்டினால் போதும். உடனே, இருபது நிமிடத்துக்குள், பொலித்தீன் விரித்து மூடி, ஏழு நாள் திறக்காமல் விட வேண்டும். வேலை விடியக்காலையில் தொடங்க வேண்டும்.

இனிச் சல்லி. இதுதான் எங்கள் ஊருக்கே உரிய கேள்வி. குடாநாட்டில் கருங்கல் கிடையாது. வவுனியா போன்ற இடங்களில் இருந்து லொறியில் வருகிறது. விலை உங்களுக்குத் தெரியும். எங்களிடம் இருப்பது வெள்ளைச் சுண்ணக்கல். அதை உடைத்துச் சல்லியாக்கலாம் என்பீர்கள். ஆனால் அந்தக் கல்தான் எங்கள் தண்ணீர் இருக்கும் பானை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 இல் போரால் மூடப்படும்வரை கல் அகழ்ந்த பாரிய கிடங்குகளை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தண்ணீரைக் காப்பாற்றவென்று பானையை உடைப்பது அறிவாகாது.

ஆனால் எங்களிடம் இன்னொரு கல் இருந்தது. சிதைந்த அறையின் கூரைத்தட்டும் தூணும் பல வருடமாக வளவு மூலையில் குவிந்து கிடந்தன. அம்மா அதைக் கொட்டவும் விடவில்லை, தொடவும் விடவில்லை. அந்த அறையில்தான் நாங்கள் நால்வரும் படித்தோம். “இதை உடைச்சு முற்றத்துக்குப் போடுவம், அம்மா” என்று நான் கேட்டபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப அது வளவுக்குள்ளதானே இருக்கும்” என்றார்.

போர் முடிந்த நாடுகளில் இது நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மன் நகரங்களில் பெண்கள் வரிசையாக நின்று இடிபாடுகளைக் கைமாற்றி அகற்றினார்கள். செங்கற்களைத் தட்டித் துப்புரவாக்கினார்கள். உடைந்த கல் நொறுக்கப்பட்டுப் புதுக் கொங்கிறீற்றுக்கும் போனது. அந்தப் பெண்களுக்கு ‘இடிபாட்டுப் பெண்கள்’ என்று அவர்கள் மொழியில் ஒரு பெயரே உண்டு.

இடிபாட்டுச் சல்லியைக் கண்மூடிப் பாவிக்க முடியாது. பழைய கொங்கிறீற்றை உடைத்தால் ஒவ்வொரு சல்லியிலும் பழைய சாந்து ஒட்டியிருக்கும். அது தண்ணீரை உறிஞ்சும். கருங்கல்லைவிடப் பல மடங்கு. அப்படியே கலவைக்குள் போட்டால், நீங்கள் அளந்து ஊற்றிய தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் உளுந்து ஊறப்போடுவது போல முதல்நாள் இரவே ஊறவிட்டு, காலையில் மேலீரம் வடியவிட்டுப் போட வேண்டும். பலமும் குறையும். மூன்றில் ஒரு பங்கு இடிபாட்டுச் சல்லி, மிகுதி கருங்கல் என்ற அளவில் நான் நின்றேன். நடைபாதைக்கு அது தாராளம். பூச்சு, ஓடு, மரம், கம்பி எல்லாம் பொறுக்கி எடுத்து, அரித்து, தூள் போகக் கழுவ வேண்டும். தூள்தான் துளையின் முதல் எதிரி. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: பழைய கூரைச் சீற், அதாவது அஸ்பெஸ்டஸ், கலந்த குவியலை ஒருபோதும் உடைக்காதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குப் போனால் திரும்பி வராது.

இந்தக் கொங்கிறீற்றின் குறைகளையும் சொல்லாவிட்டால் நான் விற்பனையாளர் ஆகிவிடுவேன்.

ஒன்று, இதன் பலம் சாதாரண கொங்கிறீற்றைவிடக் குறைவு. பாடசாலை பஸ்ஸும் பவுசரும் ஓடும் பாதைக்கு இது வேண்டாம். நடக்க, நிற்க, சைக்கிள் விட, சக்கர நாற்காலி தள்ள இது போதும்.

இரண்டு, இது அடைபடும். வேப்பம் பூ, சருகு, காற்றில் வரும் மணல் எல்லாம் துளைக்குள் போய் இருக்கும். கிழமைக்கு ஒருமுறை கூட்ட வேண்டும். மாரிக்கு முன் ஒருமுறை அழுத்தத் தண்ணீரால் கழுவ வேண்டும். அதன்மேல் மண் குவிக்கவோ, சீமெந்து குழைக்கவோ விடவே கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். சுண்ணக்கல் தண்ணீரை வேகமாகக் கீழே விடும். தண்ணீரோடு சேர்ந்த எதையும் விடும். எங்கள் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளுமே அதற்குப் பெரிய காரணம். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தையும் கண்டோம். ஆகவே மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில், மருந்து கலக்கும் இடத்தில், மலசலகூடக் குழிக்கு அருகில் நீர்புகு கொங்கிறீற்று போடக்கூடாது. தண்ணீரை உள்ளே விட்டால் மட்டும் போதாது. விடுவது நல்ல தண்ணீராகவும் இருக்க வேண்டும்.

நான்கு, எல்லாவற்றிலும் சிறந்தது வெறும் நிலமும் மர நிழலும்தான். சீமெந்து போடாமல் இருக்க முடிந்தால் போடாதீர்கள். ஆனால் வழுக்கி விழுந்த தாய்க்கு அதைச் சொல்ல முடியாது. பிள்ளைகள் எல்லோரும் வெளியில் இருக்கும் வீட்டில், தனியே இருக்கும் எழுபது வயதுக்காரி எப்படி மணல் முற்றம் கூட்டுவார்? யாழ்ப்பாணத்து முற்றங்கள் சீமெந்தானதற்குப் பெருமை மட்டும் காரணமல்ல, ஆளில்லாமையும் காரணம். போட்டே ஆகவேண்டிய இடத்தில், மழைக்கு வழி விட்டுப் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இப்போது எங்கள் கல்லூரி முற்றம். அது ஏறத்தாழ நான்கு பரப்பு. ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சம் லீற்றருக்கு மேல் மழை அதில் விழுகிறது. விடுதிப் பிள்ளைகள் துலாவில் அள்ளிக் குளித்த கிணறு அதன் வடக்கு மூலையில் இருக்கிறது. முற்றம் முழுவதையும் அடைத்தால் அந்தக் கிணற்றின் உண்டியலில் நாங்களே மூடி போடுகிறோம். வேப்பமரங்களின் வேரையும் மூடுகிறோம்.

நிருவாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, மரத்தடிகளை மண்ணாகவே விட்டு, பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கும் நடைபாதைக்கும் மட்டும் நீர்புகு கொங்கிறீற்று போடுவோம். இரண்டாவது, அதற்கான சல்லியில் ஒரு பங்கை, போரில் இடிந்து, பின் கட்டடத்துக்குப் பின்னால் இன்றும் குவிந்து கிடக்கும் பழைய விடுதியின் கொங்கிறீற்றில் இருந்து எடுப்போம். அந்த விடுதியில் இருந்த அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் நடந்த தளத்தின் மேல் உங்கள் பேத்திகள் நடப்பார்கள்.

மூன்றாவது, என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். இந்த மாரிக்கு முன் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி ஒரு மாதிரித் துண்டு போடுவோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அடியை வெட்டிய ஒரு வாளியை அதன்மேல் வைத்து, விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, முதலில் நிலத்தை நனைத்து, பிறகு 18 லீற்றர் தண்ணீர் ஊற்றி, எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வைக்கட்டும். பரிசோதனைச் சாலைகளிலும் முறை ஏறத்தாழ இதுதான். பக்கத்திலேயே கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து எழுதட்டும். ஒரு மாரியும் ஒரு கோடையும் பார்ப்போம். சரிவராவிட்டால் உடைத்துவிட்டு, நீங்கள் முதலில் எண்ணியபடியே செய்யுங்கள். நானே வந்து நின்று உடைத்துத் தருவேன். நூற்றாண்டு கண்ட கல்லூரிக்கு ஓர் ஆண்டு பொறுப்பது பெரிய காரியமல்ல.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். ஊரில் உள்ள வீட்டுக்குக் காசு அனுப்பும்போது, முற்றத்தை என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை சதுர அடி, மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஒரு கிணற்றைக் காப்பாற்றும் வலிமை உண்டு. நான் அதை 2012 இல் கேட்கவில்லை.

அம்மா கடந்த வருடம் காலமானார். கடைசி மாரியில் சக்கர நாற்காலியில் முற்றத்துக்கு வந்து, மழை விட்டதும், ஈரமில்லாத அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாமி படலையடியில் நின்று, “இந்த முறை எங்கட குசினிக்கு வரேல்லை” என்றார். அம்மா கிணற்றுப் பக்கம் கையைக் காட்டி, “அங்க போயிருக்கும்” என்றார்.

 செயலாளர் தந்த நேரத்தைத் தாண்டிவிட்டேன், மன்னிக்கவும்.